எழுதிவைத்த சண்டை

மற்கலி கோசாலர் என்னும் ஆசீவக ஆசிரியர் நியதியின் தன்மையை விளக்க ஓர் உவமை சொன்னதாகப் பௌத்த நூல்கள் தெரிவிக்கின்றன. உருட்டிவிட்ட நூலுண்டை தன்மேல் சுற்றியிருக்கும் நூல் முழுவதும் பிரிந்து தீரும் வரையில் ஓடி, தீர்ந்தவுடன் தானே நின்றுவிடுவதைப் போல, அறிஞனாயினும் மூடனாயினும் ஒவ்வோர் உயிரும் தனக்கு விதித்த பிறவிகளையெல்லாம் ஓடித் தீர்த்த பின்னரே துக்கத்தின் முடிவைக் காண முடியும் என்றும், அந்த ஓட்டத்தைக் குறைக்கவோ கூட்டவோ வல்ல புருஷகாரம் என்று ஒன்று உலகத்தில் இல்லவே இல்லை என்றும் அவர் போதித்தார். புத்தரும் மகாவீரரும் நடமாடிய காலத்தில் தோன்றிய இக்கொள்கை, வடக்கே தேய்ந்து மறைந்த பின்னரும் தமிழ்நாட்டில் நெடுங்காலம் நிலைத்திருந்தது. மணிமேகலையில் ஆசீவகன் தன் சமயத்தை எடுத்துரைக்கிறான், நீலகேசியோ அவனுடைய சமயத்தவரோடு வாதுக்கே நிற்கிறாள். இளமையில் இதை முதன்முதலில் படித்தபோது, மனிதனுடைய நெஞ்சில் ஒரு கல்லைத் தூக்கி வைப்பதற்காகவே செய்த உவமையாக அது எனக்குத் தோன்றிற்று. அந்த நூலுண்டைக்கு வேறொரு முகமும் உண்டு என்பதை நான் அறிந்தது, சொன்னால் பலருக்கு வியப்பாயிருக்கும், ஒரு வீடியோ விளையாட்டின் முன்னே உட்கார்ந்திருந்தபோதுதான்.

அந்த விளையாட்டு 1987 ஆம் ஆண்டில் ஜப்பானிய நிறுவனமாகிய நிண்டெண்டோ தன் வீட்டு இயந்திரத்துக்காக வெளியிட்ட 'மைக் டைசன்ஸ் பஞ்ச்-அவுட்' என்பது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, காசு போட்டு ஆடும் பெரிய இயந்திரமாக, ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த இரண்டு திரைகளோடு, கெஞ்யோ தகேதா என்பவருடைய தலைமையில் 'பஞ்ச்-அவுட்' உருவாகியிருந்தது. அதில் ஆடுகிறவருடைய வீரன் பச்சைக் கோடுகளால் பின்னிய கம்பிக்கூடு போன்ற உருவம் உடையவன். அவன் பெரியவனாகத் திரையில் நின்றபோதிலும் அவன் உடம்பினூடே எதிராளி முழுவதும் தெரிவான். வீட்டு இயந்திரத்துக்கு அந்த ஜாலத்தைச் செய்யும் வலிமை இல்லை. ஆகவே, எதிராளியை மறைக்காமல் இருக்க வேண்டுமானால் வீரனைச் சிறியவனாக்குவதைத் தவிர வேறு வழியில்லை என்று கண்டு, அவனை எதிராளியின் இடுப்பளவே உயர்ந்த ஒரு பையனாகச் செய்தார்கள். பதினேழு வயதும் 107 பவுண்டு எடையும் உடைய, நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியைச் சேர்ந்த 'லிட்டில் மேக்' இவ்வாறுதான் பிறந்தான். கருவியின் ஏழ்மையிலிருந்து இத்தகைய உருவம் பிறந்ததை நான் எண்ணிப் பார்க்கும்தோறும், மூன்றடி மண் கேட்டு வந்த வாமனனை ஏன் நம் முன்னோர் அத்தனை ஆசையோடு பாடினார்கள் என்பது எனக்குச் சிறிது விளங்குகிறது.

சிறுவன் பதினான்கு சண்டைகளைக் கடந்து போக வேண்டும்; பதினான்காவது சண்டையில் காத்திருப்பவர் மைக் டைசன். இந்தப் பதினான்கிலும் எதிராளிகள் செய்வதெல்லாம் பெரும்பாலும் முன்னரே எழுதிவைத்த செய்கைகள். எப்போது எந்தக் கையை வீசுவார்கள், எத்தனை தடவை வீசிய பின் இளைப்பாறுவார்கள், எந்தக் குத்துக்கு எந்தப் பக்கம் திறந்து நிற்பார்கள் என்பதெல்லாம் அந்தக் கார்ட்ரிட்ஜுக்குள் கல்வெட்டைப் போலப் பதிந்து கிடக்கின்றன. அதோடு, எழுதிவைத்தவர்கள் ஒவ்வொரு செய்கைக்கு முன்னும் ஒரு குறியையும் வைத்திருக்கிறார்கள். ஜெர்மானியனாகிய வான் கைசர் குத்துவதற்கு முன் தலையை உதறுவான். ஜப்பானியனாகிய பிஸ்டன் ஹோண்டாவின் புருவம் துடிக்கும். பம்பாயிலிருந்து வந்தவனாகச் சொல்லப்படும் கிரேட் டைகரின் தலைப்பாகையில் பதித்த கல் ஒரு கணம் பளிச்சிடும். கிங் ஹிப்போ என்னும் பருத்த அரசன் வாயைத் திறக்கும்போது முகத்தில் குத்தினால் அவன் கால்சட்டை நழுவும். அதைப் பிடிக்கக் கையைத் தாழ்த்தும்போது வயிறு வெளிப்படும். ஒரு முறை விழுந்தால் அவன் மறுபடி எழுவதே இல்லை. இது கோசாலருடைய நூலுண்டை அன்றோ? இங்கே உருள்கின்ற உண்டையிலே நூல் எவ்வளவு, எந்த இடத்தில் முடிச்சு என்பதுகூட நிச்சயமாகிவிட்டது.

அப்படியானால் இதில் ஆனந்தம் எங்கிருந்து வருகிறது? வருவது தெரிந்த பின் அலுப்பு அல்லவா வர வேண்டும்? ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளாகியும், அந்த இயந்திரம் கடைகளிலிருந்து மறைந்து பேரப்பிள்ளைகளுக்குக் காட்டும் பழம்பொருளாகிவிட்ட பின்னரும், மனிதர்கள் மறுபடி மறுபடி இதே பதினான்கு சண்டைகளுக்குத் திரும்பி வருகிறார்களே, ஏன்? கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு, குத்துகளின் ஓசையை மட்டும் செவியால் வாங்கி, தொடக்கம் முதல் இறுதி வரையில் ஆடி முடித்தவர்களும் இருக்கிறார்கள். நம்மவர் இதற்கு உடனே ஒரு விடை சொல்லக்கூடும்: ராமகதை கேட்கப் போகிறவர் ஒருவரும் ராவணன் மாள்வானோ மாட்டானோ என்னும் சந்தேகத்தோடு போவதில்லை, தெரிந்த கதையைத் தெரிந்தபடியே கேட்பதில்தான் ரஸம். இது உண்மைதான், ஆனால் போதாது. கதாகாலக்ஷேபத்தில் பாகவதர் சொல்லக் கேட்பவன் கண்ணீர் விட்டாலும் விடாவிட்டாலும் சேதுவுக்கு அணை கட்டித்தான் ஆகும். இங்கேயோ, எழுதிவைத்த கதையின் நடுவில் எழுதாத ஓர் இடம் விட்டிருக்கிறது. அந்த இடத்தில் நிற்பவன் ஆடுகிறவன்.

அந்த இடம் எவ்வளவு சிறியது என்பதைப் பாருங்கள். மேக் செய்யக்கூடியவை சிலவே: இடம் அல்லது வலம் விலகலாம், குனியலாம், கையால் தடுக்கலாம், முகத்திலோ வயிற்றிலோ குத்தலாம், நட்சத்திரம் சேர்ந்திருந்தால் ஒரு பெருங்குத்து விடலாம். அவ்வளவுதான். அந்தக் குத்துகளுக்கும் கணக்கு உண்டு. திரையின் மேலே இருதய வடிவமும் ஓர் எண்ணும் தெரியும். எதிராளி தடுத்துவிட்ட ஒவ்வொரு குத்துக்கும் அந்த எண் குறையும், வாங்கிய குத்துக்கு இன்னும் மிகுதியாகக் குறையும். அது பூஜ்யமானவுடன் சிறுவன் உடல் நிறம் மாறி, மூச்சு வாங்கி, கையைத் தூக்கவும் மாட்டாமல் நிற்பான். அப்போது அவனுக்கு வலிமை திரும்பி வருவதற்கு வழி யாதெனின், எதிராளியின் குத்துகளுக்கு இடம் கொடாமல் விலகிக்கொண்டே இருப்பது. பதற்றத்தில் கண்டபடி கையை வீசுகிறவன் இரண்டொரு நிமிஷத்திலேயே கை ஓய்ந்து நிற்பதும், காத்திருந்து பார்க்கிறவனுக்கு இருதயம் குறையாமல் இருப்பதும், ஒரு பொம்மைச் சண்டைக்குள் இத்தனை தெளிவாக அமைந்திருப்பதைக் கண்டு நான் முதலில் ஆச்சரியப்பட்டேன். பிறகு அது ஆச்சரியம் நீங்கி மரியாதையாக மாறிற்று.

என்னுடைய அநுபவத்தையே சொல்கிறேன். கிரேட் டைகரிடம் நான் ஒரு மாலை முழுவதும் தோற்றேன். அவன் சண்டையின் நடுவே திடீரென்று மறைந்து, இடமும் வலமுமாக மாயாவியைப் போலத் தோன்றித் தோன்றிக் குத்தத் தொடங்குவான்; ஐந்து முறை அவ்வாறு குத்துவான். ஒவ்வொரு முறையும் நான் விலகப் பார்த்தேன், எதிர்த்துக் குத்தப் பார்த்தேன், பலிக்கவில்லை. கடைசியில், சோர்வினால்தான் என்று நினைக்கிறேன், கையை முகத்துக்கு நேரே வைத்துத் தடுத்தபடி அசையாமல் நின்றுவிட்டேன். ஐந்து குத்துகளும் என் கையில் வந்து மோதி ஓய்ந்தன. அவன் தலை சுற்றி, கண் சுழன்று, வாய் பிளந்து எதிரே நின்றான். ஒரு குத்து, விழுந்தான். அந்த மாலை முழுவதும் அவன் செய்துகொண்டிருந்தது அதே செய்கைதான். அதில் ஓர் அணுவும் மாறவில்லை. மாலையின் தொடக்கத்தில் எனக்கு அது சிறைச்சுவராக இருந்தது, முடிவில் அதுவே வாசலாயிற்று. மாறாதது மாறாமலே இருக்க, அதனோடு எனக்கு இருந்த சம்பந்தம் மட்டும் மாறிவிட்டது. விதி என்று நாம் அழைப்பதில் ஒரு பாதி, நாம் இன்னும் பார்த்து முடிக்காத ஒழுங்குதானோ என்னும் ஐயம் அன்றைக்குத்தான் என்னுள் புகுந்தது.

வள்ளுவர் அறத்துப்பாலை ஊழ் என்னும் அதிகாரத்தோடு முடித்து, அதில் ஊழை விஞ்சிய வலிமை வேறில்லை என்று அறுதியிட்டு, பின்னர் பொருட்பாலிலே ஆள்வினையுடைமை பாட வந்தபோது ஊழையும் புறங்காட்டச் செய்யலாம் என்று கூறியதை முரண்பாடு என்று கருதி இடர்ப்பட்டவர்கள் பலர். காலத்தால் இரண்டையும் பிரித்து, இது முற்பிறவியின் வினை, அது இப்பிறவியின் வினை என்று சமாதானம் சொல்வது நம் மரபு. அதை நான் மறுக்கவில்லை. ஆயினும், ஊழ் என்பது எதிரே நிற்பவனுடைய கைகளின் ஒழுங்கு என்றும், ஆள்வினை என்பது அந்த ஒழுங்கைக் கண்ணிமைக்காமல் கற்கும் உழைப்பு என்றும் கொண்டால், இரண்டும் ஒரே மேடையில் ஒரே கணத்தில் நிற்கக் காண்கிறோம். ஊழை வெல்வதென்பது ஊழை மாற்றுவதன்று என்னும் இந்த எண்ணம் கோசாலருக்கு உடன்பாடாக இராது. அவரோ, நீ கற்பாய் என்பதும் நூலிலேயே சுற்றியிருக்கிறது என்பார். அவருக்கு மறுமொழி சொல்லும் தர்க்கம் என்னிடம் இல்லை. ஆனால் கற்கும் பொழுதில் மனிதன் எத்தகையவனாக ஆகிறான் என்பது என்னுடைய கவலை. அந்தக் கவலையை அவருடைய உவமை தொடுவதே இல்லை.

ஒரு குறையையும் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. பதினான்கு சண்டைகளில் எதிராளியாக வருகிறவர்கள் எல்லாம் ஒவ்வொரு தேசத்தைப் பற்றிய ஒவ்வோர் எளிய சித்திரம். பிரெஞ்சுக்காரனாகிய கிளாஸ் ஜோ நூறு சண்டைகளில் ஒன்றில் மட்டும் வென்ற கோழை; ருஷ்யனுடைய பெயர் முதலில் மதுவையே குறித்திருந்து, பின்னர் வீட்டு விளையாட்டில் சோடா என்று மாறியது; இந்தியன் என்றால் தலைப்பாகையும் மந்திரமும். எழுதிவைத்த செய்கையைப் பார்த்துப் பழகும் கண், மனிதர்களையும் அவ்வாறே எழுதிமுடித்த ஏடுகளாகப் பார்க்கப் பழகிவிடும் அபாயம் இதில் இருக்கிறது. இந்த அபாயத்துக்கு மாற்று அந்த விளையாட்டின் சரித்திரத்திலேயே கிடைக்கிறது. 1986 நவம்பரில் இருபது வயதில் உலகச் சாம்பியனான மைக் டைசன் அதில் வெல்லுதற்கரியவராக வைக்கப்பட்டிருந்தார். முதல் ரவுண்டின் தொடக்கத்தில் ஒன்றரை நிமிஷம் வரையில் அவருடைய கை ஒரு தடவை பட்டால் போதும், சிறுவன் தரையில் கிடப்பான். மெய்யான டைசனோ 1990 பெப்ரவரியில் டோக்கியோவில், எவரும் ஒரு பொருட்டாக எண்ணியிராத பஸ்டர் டக்ளஸ் என்பவரிடம் பத்தாவது ரவுண்டில் வீழ்ந்தார். அதே ஆண்டில், அவர் பெயரைப் பயன்படுத்தும் உரிமைக்காலம் முடிந்துவிட்டதால், நிண்டெண்டோ அந்த விளையாட்டை அவர் பெயரின்றி மறுபடி வெளியிட்டது. கடைசி மேடையில் 'மிஸ்டர் டிரீம்' என்று ஒருவர் நின்றார். தலை வேறு, நிறம் வேறு, பெயர் வேறு. குத்துகளும் அவற்றின் கணக்கும் இம்மியும் பிசகாமல் அவையே. நாமரூபங்கள் கழிந்தும் கர்மம் மட்டும் தொடர்ந்த அந்தக் காட்சியைப் பார்த்தால் பழைய பௌத்த ஆசிரியன் ஒருவன் மகிழ்ந்திருப்பான். எனக்கோ அதில் வேறொன்று பட்டது. டோக்கியோவில் வீழ்ந்த மனிதர் வீழ முடிந்தது, அழ முடிந்தது, பின்னாளில் வேறு மனிதராக ஆகவும் முடிந்தது. பெட்டிக்குள் இருப்பவர் அவற்றுள் ஒன்றையும் செய்ய முடியாது. எதிரே நிற்கும் உயிரை நாம் கற்று முடித்துவிட்டோம் என்று எண்ணும் கணத்தில் அந்த உயிரை அந்தப் பெட்டிக்குள் போட்டு மூடுகிறோம்.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய செய்திக்கு வருகிறேன். பதினான்கு சண்டைகளில் இரு முறை எதிர்ப்படுகிறவன் துருக்கியனாகிய பால்ட் புல். அவன் சில வேளைகளில் மேடையின் கயிற்றோரம் வரையில் பின்வாங்கி, அங்கிருந்து காளையைப் போலத் துள்ளித் துள்ளிப் பாய்ந்து வருவான். அந்தப் பாய்ச்சல் பட்டால் மேக் விழுவான். ஆனால் குறித்த ஒரு கணத்தில், முந்தாமலும் பிந்தாமலும், அவன் வயிற்றில் குத்தினால் அவன் வீழ்ந்துவிடுவான். அந்தக் கணத்தைப் பிடிப்பதற்காக உலகமெங்கும் பிள்ளைகள் எத்தனை மாலைகளைச் செலவிட்டார்கள் என்பதற்குக் கணக்கில்லை. அவர்கள் அதைத் தாளத்தால் பிடித்தார்கள், எண்ணிப் பிடித்தார்கள், தோற்றுத் தோற்றுப் பிடித்தார்கள். 2009 ஆம் ஆண்டில் வீ இயந்திரத்துக்காகப் புதிய 'பஞ்ச்-அவுட்' வெளிவந்தபோது, நிண்டெண்டோவின் தலைவராக இருந்த சடோரு இவாட்டா பழைய விளையாட்டை ஆக்கியவர்களோடு நடத்திய உரையாடலில் ஒரு ரகசியம் வெளிவந்தது. பால்ட் புல் பாய்ந்து வரும்போது, சரியாகக் குத்த வேண்டிய அந்தக் கணத்தில், பின்னால் திரண்டிருக்கும் கூட்டத்தில் ஒருவருடைய காமிராவிலிருந்து ஓர் ஒளி பளிச்சிடுகிறது! இருபத்திரண்டு ஆண்டுகளாக அது பளிச்சிட்டுக்கொண்டே இருந்தது. கோடிக்கணக்கான தடவை பளிச்சிட்டிருக்கும். பின்னர் 2016 இல், கூட்டத்தின் முன்வரிசையில் தாடியோடு உட்கார்ந்திருக்கும் ஒருவர் தலையைக் குனிவதும் இத்தகைய ஒரு குறியே என்பதை ஆடுகிறவர்களே கண்டுபிடித்தார்கள்.

இதைக் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட உணர்ச்சியைத் திகைப்பு என்று மட்டும் சொல்ல முடியாது. சைவ சித்தாந்திகள் இறைவனுடைய தொழில்கள் ஐந்து என்பர்: படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல். இவற்றுள் மறைத்தல் ஏன் ஒரு தெய்வத் தொழிலாக இருக்க வேண்டும் என்பது படிப்பவர் எல்லோருக்கும் எழும் கேள்வி. பிள்ளையைத் தேடவிட்டுக் கதவுக்குப் பின் நிற்கும் தாயைப் போல, உயிர் தன் வினைகளை அநுபவித்துப் பக்குவப்படும் வரையில் இறைவன் தன்னை மறைத்துக்கொள்கிறான் என்றும், அந்தத் திரோதானத்தை மலங்களோடு சேர்த்து எண்ணினாலும் மெய்யில் அது அவனுடைய அருட்சத்தியே என்றும் அவர்கள் விடை சொல்வார்கள். விடை அழகாயிருந்ததே ஒழிய என் அநுபவத்தில் அதற்கு ஓர் ஆதாரம் இருந்ததில்லை. விளையாட்டை ஆக்கிய மனிதரை ஈசுவரனோடு வைத்துப் பேசுவது என் நோக்கமன்று; சித்தாந்தம் மறைத்தல் என்னும் சொல்லால் எதைக் குறிக்கிறது என்பதை எனக்குக் கண்ணால் காட்டியது அந்த ஒளி என்பதையே சொல்கிறேன். அது ஒளித்து வைத்த ஒளி அன்று. பார்வைக்கு எதிரிலேயே இருந்தது. பார்ப்பவனுடைய கண்ணை எதிராளியின் உருவமும் அச்சமும் நிறைத்திருந்தமையால் மட்டும் அது மறைந்திருந்தது. குறியை அறியாமலே அக்கணத்தைக் கற்றுக்கொண்ட பிள்ளைகளுக்கு அது உதவவில்லை என்று சொல்லலாமா? கண் அறியாவிட்டாலும் கடைக்கண்ணில் அது பட்டிருக்குமே! அவர்கள் தம்முடைய சாமர்த்தியம் என்று எண்ணிய வெற்றியில் அந்த ஒளிக்கு எவ்வளவு பங்கு என்பதை இனி யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

ஸ்ரீவைஷ்ணவ ஆசாரியர்கள் இதையே நெடுங்காலம் விவாதித்தார்கள். தாயைத் தன் கையால் இறுகப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியைப் போல ஜீவன் தன் முயற்சியைக் கொஞ்சமேனும் காட்ட வேண்டும் என்பர் வடகலையார். தாய் வாயால் கவ்விச் செல்லும் பூனைக்குட்டிக்கு முயற்சி ஏது என்பர் தென்கலையார். இரு சாராருடைய நூல்களையும் பக்தியோடு படித்த எனக்கு, எந்தப் பக்கம் சாய்வது என்று ஒருபோதும் தெளிந்ததில்லை.

அந்தச் செய்தியை அறிந்த சில நாட்களுக்குப் பின் மறுபடி பால்ட் புல்லின் எதிரே உட்கார்ந்தேன். இம்முறை ரகசியம் என் கையில் இருந்ததால் கூட்டத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் பின்வாங்கினான், துள்ளி வந்தான், ஒளியைத் தேடிக்கொண்டிருந்த நான் ஒளியைக் காணுமுன் மேக் தரையில் கிடந்தான். மறுபடியும் அப்படியே நேர்ந்தது. மூன்றாம் முறை தேடுவதை விட்டுவிட்டு, பழையபடி அவனுடைய தோளையும் காலையும் பார்த்தவாறு, கட்டைவிரலைப் பட்டனின் மேல் லேசாக வைத்துக் காத்திருந்தேன். கை தானே அழுந்திற்று. அவன் மடிந்து பின்னால் சரியும்போது அவன் தோளுக்கு அப்பால் வெள்ளையாக ஒன்று மின்னி அடங்கியதைக் கண்டேன். அது என் கைக்கு முன்னே வந்ததா, உடன் வந்ததா என்று எனக்குத் துணிந்து சொல்ல வரவில்லை.